டேப்பில் குடும்ப ஜெபம்

அன்புள்ள ரூபி அப்பாவுக்கு,

ஷௌகத் அலி பாய் மஸ்கட்டிலிருந்து வந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய சோப்பையும் கேசட்டையும் சேர்த்துவிட்டார். ரூபியை அடக்கம் செய்த மறுவாரம்தான் வந்தார். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை.

லீவு தரவில்லை என்று தந்தி அடித்திருந்தீர்கள். சரி.

எங்கே இருந்தாலும் குடும்ப ஜெபத்தை அப்பாதான் நடத்த வேண்டும் என்பீர்களே, அப்படியே செய்கிறோம். சாயங்காலம் கம்பெனி சங்கு ஊதியதும் டேப்பை நடுவில் வைத்து நானும் சின்னவள் மெர்சியும் பாயில் உட்காருகிறோம். ஜூஜுவாடி ரோட்டு லாரிச் சத்தத்தில் நீங்கள் வேதத்திலிருந்து வாசிக்கும் சங்கீதம் சரியாகக் கேட்பதில்லை. ஜெபம் கேட்கிறது.

"ஆண்டவரே, எங்க ரூபியோட காய்ச்சல எடுத்துப் போடும்" என்கிறீர்கள்.

முதல் நாள் அந்த இடத்தில் டேப்பை நிறுத்திவிட்டேன்.

"ஏம்மா நிறுத்தற? அப்பா அக்காவுக்கு ஜெபம் பண்றாரில்ல?" என்றாள் மெர்சி.

இப்போது நிறுத்துவதில்லை. முடிந்ததும் இருவரும் ஆமென் சொல்கிறோம். பிறகு சோறு போடுகிறேன்.

அரிசி இருக்கிறது. வீட்டுக்கார நாராயணம்மா இந்த மாத வாடகை கேட்கவில்லை.

மெர்சிக்கு நேற்றிலிருந்து உடம்பு சுடுகிறது. இந்த முறை கேசட் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி