அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லை

மார்ச் 3, திங்கள்
மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு ரத்தச் சர்க்கரை முடிவு வார்டுக்குப் போய்ச் சேரவில்லையாம். நோயாளி மயங்கி விழுந்து, நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அனுப்ப மறந்தது ஆய்வுக்கூடத்து அக்காதான் என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. முடிவுகளை அனுப்பும் நம் மென்பொருளில் கோளாறு இல்லை என்று நான் கடிதம் தர வேண்டும் என்றார் மேலாளர்.

பிழைப் பதிவைப் பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. கடிதம் பாதி முடிந்தது.

மார்ச் 4
அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். பதினொரு வருட வேலை. சண்டை பிடிப்பார் என்று தயாராக இருந்தேன், பிடிக்கவில்லை.

“பட்டனை அழுத்தினேம்மா. ‘அனுப்பப்பட்டது’ன்னு திரையில வந்துச்சு. அதுக்கு மேல நான் என்ன செய்யட்டும்?”

மீதிக் கடிதம் ஓடவில்லை.

மார்ச் 5
நோயாளி மயங்கி விழுந்த அன்றைய ரத்த மாதிரிகளின் தரவை அதே வரிசையில் மறுபடி ஓட்டினேன். நிரலை நினைத்த வரியில் நிறுத்தி, அந்த நேரத்தில் அதன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க, நிரல் எழுதும் எடிட்டரில் வசதி உண்டு. நாற்பது மாதிரிகள் சமர்த்தாகப் போயின. நாற்பத்தொன்றாவது போகவில்லை.

ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கும் புதுக் கருவி, சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டால் எண் தருவதில்லை. ‘குறைவு’ என்று எழுத்தில் தருகிறது. எண்ணை எதிர்பார்த்த நிரல் தடுக்கி விழுகிறது. விழுந்தால் கூப்பாடு போட வேண்டாமா? பிழையைப் பிடிக்க வேண்டிய இடத்தில், அடைப்புக்குறிக்குள் ஒன்றுமே இல்லை. பிழையை விழுங்கிவிட்டு அடுத்த வரியில் ‘அனுப்பப்பட்டது’ என்கிறது. உயிர் போகிற முடிவுகள் மட்டும் பார்த்துக் காணாமல் போகின்றன.

எந்தப் புண்ணியவான் எழுதியது இது? எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார் என்று எடிட்டர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் காட்டும். சுட்டியை நகர்த்தினேன்.

என் பெயர்.

நானா? நானேதான். மூணு வருஷம் முன்னாடி — பிரிண்டர் மக்கர் பண்ணினப்ப பிழைச் செய்தி குதிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்போதைக்கு வாயை அடைப்போம், அப்புறம் ஒழுங்கா எழுதலாம்னு... எங்க எழுதினேன்? எடிட்டர் அப்பவே மஞ்சள் கோடு போட்டிருக்கு. எச்சரிக்காதேன்னு அதுக்கும் ஒரு வரி எழுதியிருக்கேன்.

மார்ச் 6
மேலாளரிடம் சொன்னேன். சத்தமில்லாமல் திருத்திவிட்டுக் கருவியின் மேல் பழியைப் போடலாம் என்றார். கருவியை மாற்றிவிட்டு நம்மிடம் சொல்லாதது அவர்கள்தானே என்றார். பாதி உண்மைதான். அதனால்தான் பயமாக இருந்தது.

கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

“வேலை போயிடுமா?”

“போகலாம்.”

“அந்த அம்மாவுக்கு?”

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 7, வெள்ளி
சொல்லிவிட்டேன்.

மார்ச் 8
நேற்று கடிதத்துக்குப் பதில் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். அந்த மாதிரியை அவர்கள் கண்முன்னே ஓட்டி, விழுங்குகிற வரியில் நிறுத்திக் காட்டினேன். தலைமை மருத்துவர் சாம்பல் எழுத்தைப் படித்துவிட்டு, இது யார் என்றார். நான்தான் என்றேன். கூனிக் குறுகிப் போனேன். தேடிப் பார்த்ததில், புதுக் கருவி வந்த நான்கு மாதத்தில் இன்னும் ஆறு முடிவுகள் இப்படிப் போயிருந்தன. அந்த ஆறு பேரையும் அன்றைக்கே கூப்பிடச் சொன்னார். இரவே அந்த அடைப்புக்குறிக்குள் ஒழுங்காக எழுதினேன்: முடிவு போகாவிட்டால் ஆய்வுக்கூடத்துத் திரை கூப்பாடு போடும்.

அக்காவின் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 11
ஆறு பேரும் நலம். நன்றாக அழுதேன்.

மார்ச் 19
வேலை போகவில்லை. ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் படித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். நியாயம்தான்.

மதியம் அக்கா கூப்பிட்டார், விசாரணைக்குப் பிறகு முதல் தடவையாக.

“திரை சிவப்பாகி, மூடவே மாட்டேன்னு நின்னுச்சு. வார்டுக்கு ஓடினேன். ஒரு பொண்ணு, வேர்த்துக் கொட்டுது, பேச்சே இல்ல. இப்ப எந்திரிச்சு உட்கார்ந்து பசிக்குதுங்கறா. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.