துவைகல் ஓரத்து எறும்புகள்

சேவுகம்பட்டி,
1962, ஆடி வெள்ளி.

பம்பாயில் இருக்கும் மகன் உடையப்பனுக்கு ஆத்தா மூக்காயி எழுதுவது. நான் கஞ்சி குடித்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன். எப்போதும் வாத்தியாரிடம் சொல்லித்தான் எழுதுவேன். இந்தச் சேதி இன்னொருத்தர் கை வழியாகப் போக வேண்டாம் என்று, தெரிந்த எழுத்தில் நானே எழுதுகிறேன். கூட்டி வாசித்துக்கொள்.

இங்கே மழை இல்லை. கத்தரிச் செடி வாடுகிறது. வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது.

உன் ஐயாவுக்குக் காலில் புண் வந்து நடக்க முடியாமல் போனதும், கொல்லையில் துவைகல்லுக்குப் பின்னால்தான் ஒன்றுக்குப் போவார். அந்த இடம் முழுக்க எறும்பு மொய்க்கும். அவர் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிணமாகத் திரும்பி வந்தார். எறும்பும் போய்விட்டது.

நீ கருமாதிக்கு வந்து தங்கியிருந்தபோது, ஒரு நாள் காலையில் பார்த்தால் அதே இடத்தில் எறும்பு, கறுப்பாகச் சாரை சாரையாக. உன் அத்தை பொன்னழகைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணே வீட்டையே சுத்துது மதினி, தண்ணிய ஊத்திக் கலைச்சுப்புடாத என்றாள்.

நான் கலைக்கவில்லை. நீ பயந்துகொள்வாய் என்று உன்னிடம் சொல்லவும் இல்லை. விடிந்ததும் அந்தக் கல் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் பேசுவேன். மகன் வந்திருக்கான், உங்கள மாதிரியே தொந்தி போட்டிருக்கான் என்று சொன்னேன். வெஞ்சனத்தில் உப்புக் கூடிப்போனதைக்கூடச் சொன்னேன். எறும்பு என் கால்மேல் ஏறி இறங்கிப் போகும். ஒன்றுகூடக் கடித்ததில்லை.

நீ ரயிலேறிய மறுநாளோ அடுத்த நாளோ எறும்பு நின்றுவிட்டது. மகனை வழியனுப்பிவிட்டு அவரும் போய்விட்டார் என்று அழுதேன்.

போன வாரம், ஆஸ்பத்திரியில் உன் ஐயாவைப் பார்த்த சின்ன டாக்டர் வீடு தேடி வந்தார். உன் ஐயாவுக்கு இருந்த இந்தச் சர்க்கரை வியாதி பருத்த உடம்புக்காரர் குடும்பத்தில் எப்படித் தொடர்கிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறாராம். நாடா வைத்து உன் அத்தை இடுப்பை அளந்தார். சட்டை தைக்கவா டாக்டரய்யா, துணி யாரு எடுத்துக் குடுப்பா என்று கேட்டாள். அவரும் சிரித்தார். தின்ற சர்க்கரையை உடம்பில் சேர்க்க உள்ளேயே ஒரு நீர் ஊறுகிறதாம். தொந்தி பெருத்தவர்களுக்கு அது நிறைய ஊறினாலும் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லையோ என்று இப்போதுதான் ஆராய்கிறார்களாம்.

ஐயா சாயல் யாருக்கு என்று கேட்டார். உன்னைச் சொன்னேன். எறும்பு வந்த கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுபோனது. அப்போ அந்தக் கல்லுக்குப் பின்னால ஒதுங்குனது யாரும்மா என்றார்.

அப்பு, நீதானே. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாய். எழுந்து எழுந்து கொல்லைக்குப் போனாய். வெயில் காலம் என்று இருந்துவிட்டேன். மிஞ்சுகிற சர்க்கரை மூத்திரத்தில் போகுமாம். அதைத் தேடித்தான் எறும்பு வருமாம்.

ஆத்தா கிறுக்குப் பிடித்து எழுதுகிறாள் என்று நினைக்காதே. இது கிடைத்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மூத்திரமும் ரத்தமும் சோதித்துப் பார். இப்போதே கவனித்தால் அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். செருப்பில்லாமல் நடக்காதே.

ஒன்றுமில்லை என்று நீ எழுதினால், வந்தது உன் ஐயாதான் என்று பழையபடி நம்பிக்கொள்வேன். வியாதி இருக்கிறது என்று எழுதினால், அவர் வரவே இல்லை என்று ஆகிப்போகும். ஆனால் ஆகட்டும். அவர் வராவிட்டால் போகிறது. நீ திரும்பி வர வேண்டும்.

முனியாண்டி உன் காலடிக்குக் காவல் இருக்கட்டும்.

ஆத்தா
மூக்காயி