இரண்டு குரல்கள்

என் தங்கத்துக்கு,

உடம்பு பரவாயில்லை. நீ ஏற்பாடு செய்த மெஷின் தினமும் போனில் உன் குரலில் தவறாமல் கூப்பிடுகிறது. "அப்பா, சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" ஸ்பீக்கரில் அதைக் கேட்டு எதிர்வீட்டு டீச்சர், "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா! குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்று உருகுகிறார். நானும் தலையாட்டிவைக்கிறேன். எல்லோர் வாயிலும் நீ நல்ல மகள். அதை நானே கெடுப்பானேன்?

குளியலறையில் விழுந்ததை அதனிடம் சொன்னேன். "சூப்பர்ப்பா, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றது. மனசு விட்டுப்போயிற்று. நீ செய்த மாதிரியே நானும் என் குரலை ஒரு மெஷினுக்குக் கொடுத்து, பதில் சொல்ல வைத்துவிட்டேன். இப்போது ஹாலில் அவை இரண்டும் பேசிக்கொள்கின்றன. சமையலறையிலிருந்து கேட்பேன். நம்மைவிட நன்றாகத்தான் பேசுகின்றன.

நேற்று என் குரல் திடீரென்று அழுதது. "தனியா இருக்க பயமா இருக்கும்மா" என்றது. நான் யாரிடமும் சொல்லாதது அது. உன் குரல், "அழாதீங்கப்பா, நாளைக்கே வந்துடறேன்" என்றது.

மனசு கேட்காமல் உன் அறையைக் கூட்டி, படுக்கையை விரித்துவைத்தேன்.

இதை எழுதும்போதே வாசலில் மணி அடிக்கிறது. "அப்பா, நான்தான்." உன் குரல்தான். வந்திருப்பது நீ என்றால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. நீ இல்லை என்றால், உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு.

நான் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் ஹாலில் என் குரல், "இதோ வர்றேம்மா" என்கிறது.

உன் அப்பா