தூக்கின கை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாம இருக்கணும். உங்கப்பாவுக்கு முட்டிவலி தேவலை, வாய்தான் இன்னும் குணமாகல. எனக்கு ஒரு குறையும் இல்லேன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனா எழுத்துல பொய் சொல்ல இன்னும் பழகலடி.

பள்ளிக்கூடத்துல எங்க மாலை வகுப்பு இந்த மாசத்தோட சரி. அந்த வகுப்பை நடத்தற டீச்சருங்க சங்கத்தோட கதை, எங்க கண்ணாடி போட்ட டீச்சர் சொன்னது, கேளு. அந்தக் காலத்துல பிள்ளைங்க வீட்டுக்குப் போனப்புறம் பெரியவங்களுக்குப் பாடம் நடத்தின டீச்சருங்களுக்கு உட்கார ஒரு அறை தரமாட்டாங்களாம், மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கிற இடத்துல நின்னுக்கிட்டே சங்கம் ஆரம்பிச்சாங்களாம். முதல்ல கேட்டது எங்களை மாதிரிப் பெரியவங்களுக்கு உயரமான பெஞ்சு. அது இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. ஆனா பாடப்புத்தகம், பரிட்சை, வகுப்பறைச் சாவி எல்லாம் சங்கம் சண்டை போட்டு வாங்கினதுதான். படிக்க வர்றவங்களுக்கும் ஓட்டு உண்டுன்னு அப்பவே விதி வச்சாங்களாம், டீச்சருக்கு அதுல தலைகால் புரியாத பெருமை. அப்புறம் டீச்சருங்க ஒவ்வொருத்தரா ஓய்வுல போக, புதுசா யாரையும் போடல.

ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தைக் கலைக்கலாமா வேணாமான்னு கூட்டம். சங்கம் போனா வகுப்பும் போச்சு. டீச்சர் எங்க ஓட்டைத்தான் மலைபோல நம்பினாங்க. தலைவர் என்னமோ தீர்மானம் வாசிச்சார், ஒரு மண்ணும் விளங்கல, கடைசியில சம்மதம்னா கை தூக்குங்கன்னார். வகுப்புல புரிஞ்சாலும் புரியாட்டாலும் டீச்சர் முகம் வாடக்கூடாதுன்னு கை தூக்கிடறது எங்க வழக்கமாச்சே, மொத்தமா தூக்கிட்டோம். வேணாம் வேணாம்னு டீச்சர் எழுந்திரிச்சாங்க, டீச்சரே எழுந்துட்டாங்கன்னு எங்ககூடப் படிக்கிற பஸ் கழுவுற அண்ணன் இன்னொரு கையையும் தூக்கினார். தெரியாம பண்ணிட்டோம் ஐயான்னு கெஞ்சினோம், தூக்கின கை தூக்கினதுதாம்மான்னுட்டார் தலைவர். டீச்சர் திட்டல. மாட்டேன்னு சொல்ல உங்களுக்குக் கத்துக்கொடுக்காம விட்டுட்டேனேன்னாங்க. திட்டியிருந்தா எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும். எட்டாவது தேறினா நான் துவைக்கிற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல மேற்பார்வைக்குப் போடறதா அங்கே சொல்லியிருந்தாங்க, இனி அந்த வெந்நீர்த் தொட்டிதான் எனக்குக் கதி. வேற பள்ளிக்கூடம் பாருன்னு எழுதாதே, எங்கேயும் இல்ல, விசாரிச்சுட்டேன்.

மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே, கொஞ்சம் மிச்சம் வை. வேளைக்குச் சாப்பிடு. என் ஆயுசையும் சேர்த்து நீ நல்லா இரு. மறக்காம ஒண்ணு, பதில் எழுதும்போது கஷ்டமான வார்த்தை போடாதே. எனக்குப் படிக்கத் தெரிஞ்சது இவ்வளவுதான், இனிமே கூடப் போறதில்ல.

உன் வாயாடி அம்மா