உப்பில்லாத பதினாறாம் நோன்பு

பழவேற்காடு
2-5-1956

அன்பு மகன் கமாலுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் உன் உம்மா வளர்த்த ஆடுகள் இரண்டும் சுகம், பினாங்கில் நீ சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உம்மா மவுத்தாகி ஏழு மாதம் ஆகிறது, இந்த வீட்டில் இன்னும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய், அதை விடு, கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் என்ன செய்வான்.

நோன்புக் கஞ்சி விஷயம் கேட்டிருந்தாய். நம் பள்ளிவாசலில் ஒரு வீட்டுக்கு ஒரு நாள், பதினாறாம் நோன்பு நம்முடையது என்பது உனக்குத் தெரியும். ரமலானுக்கு முன்பே பள்ளிவாசலைக் கவனித்துக்கொள்ளும் சலாஹுதீன் வந்து, பொம்பள இல்லாத ஊடு, உங்க நாள இந்த வருசம் வேற யாருக்காவது குடுத்துடலாமா அண்ணே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முப்பத்தோரு வருஷமாக என் சைதா காய்ச்சிய நாளை நான் உயிரோடு இருக்கும்போது விடமாட்டேன் என்று கத்திவிட்டேன். பாவம், நல்ல மனுஷர். நீயும் உன் பங்குக்கு, கடையில் ரங்கூன் அரிசி வாங்கி ஆள் வைத்துக் காய்ச்சுங்கள் என்று எழுதினாய். உன் உம்மா கேட்டிருந்தால் உன்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். கடை அரிசில காச்சினா வயிறுதான் ரொம்பும் என்பாள். பொன்னேரியில் நம் நிலத்தைப் பயிரிடும் மணவாளன் அரிசியையும் தேங்காயையும் தானே வண்டியில் கொண்டுவந்து இறக்கி, இது நம்ம நெலத்துது சாயபு, வேற எதையும் கலந்துடாதீங்க, அந்தம்மாவுக்குப் புடிக்காது என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். முருங்கைக் கீரை நம் கொல்லையில் பறித்தது.

இனி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. அத்தனை வருஷமும் கஞ்சிக்கு உப்புப் போட்டது நான்தான். அவள் அகப்பையோடு நின்று கொதியைப் பார்ப்பாள், போடுங்க என்பாள், பிடி பிடியாய்ப் போடுவேன், போதும் என்பாள், நிறுத்துவேன். நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியுமா. நாக்கு நுனியில் தொட்டுத் துப்பினால் முறியாது என்று ஆலிம்சா சொன்னதைக்கூட அவள் ஏற்கவில்லை, அவள் கண்ணுக்கே உப்புத் தெரியும். இந்த வருஷம் அரிசி மலர்ந்ததும் வழக்கம்போல் ஒரு பிடி உப்பை அள்ளிக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். அவள் சொல்லட்டும் என்று நின்றிருக்கிறேன் கமால். அதற்குள் அஸர் பாங்கு கேட்டது, கையில் இருந்ததை உப்பு ஜாடியிலேயே போட்டுவிட்டுத் தொழப் போய்விட்டேன். உப்புப் போட்டாகிவிட்டது என்றே நினைப்பு.

நோன்பு திறக்கும் நேரம் எல்லாருக்கும் ஊற்றினேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, மறுபடியும் வாங்கிக் குடித்தார்கள். சலாஹுதீன் அடிப்பானையை வழித்து ஊற்றச் சொன்னார். கடைசியாக நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது, ஒரு கல் உப்பு இல்லை. உலூச் செய்யும் தொட்டியோரம் போய் உட்கார்ந்து அழுதேன், முகம் கழுவுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மறுநாள் அடுத்த வீட்டு நசீம் பானுவிடம், ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். சைதாக்கா இல்லாத கஞ்சிக்கு உப்பு எதுக்குன்னு நீங்களே உட்டுட்டீங்கன்னு நெனச்சிக்கினோம் மாமா, அத்தப் போய் இன்னான்னு கேக்கறது என்றாள். ஊரே என் துக்கத்தைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

சலாஹுதீனிடம் நானே போய், அடுத்த வருஷம் நம் நாளை வேறு வீட்டுக்கு எழுதிவிடுங்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. என் கண் முன்னாலேயே பட்டியலில் பதினாறுக்கு நேராக சைதா வீடு என்று எழுதிவிட்டார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். டப்பா மீனைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அந்த மண்ணில் விளைகிற கீரை காயை வாங்கிச் சமை. அங்கேயும் பள்ளியில் கஞ்சி காய்ச்சுவார்களாமே, விருந்தாளி மாதிரி கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்காமல் வெங்காயம் நறுக்கவாவது போய் உட்கார், நாலு பேர் உனக்கு மனிதர்களாவார்கள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

ஒன்றை மறக்காதே. அடுத்த ரமலானுக்கு எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வந்து சேர். கஞ்சி நான் காய்ச்சுகிறேன், உப்பையும் நானே அள்ளுகிறேன். பக்கத்தில் நின்று போதும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

துஆவுடன்
உன் வாப்பா
கிஃபாயத்துல்லா