படித்திருப்பச் சுவர்

மார்ச் 4, செவ்வாய்

பெல்ட்டில் இன்று புது ஓட்டை போட்டேன். ஆணியும் சுத்தியலும் கையில் இருக்கிற கொத்துமேஸ்திரிக்கு இது ஒரு வசதி. தொப்பை எவ்வளவு வளர்ந்தாலும் பெல்ட்டும் கூடவே வரும்.

மூன்றாவது மாடியில் பூச்சு. வழக்கம்போல மாடி ஏறும்போது படி திரும்புகிற ஒவ்வொரு படித்திருப்பத்திலும் நின்று, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். மேஸ்திரி மாதிரி தூக்கு பார்க்க ஆளே இல்லை என்று கீழே பேசிக்கொண்டார்கள். பேசட்டும். மூச்சு வாங்கத்தான் நிற்கிறேன் என்பது எனக்கும் அந்தக் குண்டுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

மார்ச் 7

மகளுக்குப் பழகுவதற்கு ஒரு நெஞ்சு வேண்டுமாம். இதயத்தை ஸ்கேன் எடுக்கிற படிப்பில் கடைசி வருஷம். அவள் அம்மாவை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

"அம்மாவுக்கு எல்லாம் பளிச்சுனு தெரியுதுப்பா. எனக்குக் கஷ்டமான ஆள் வேணும்."

இந்த வீட்டில் கஷ்டமான ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை போயிருக்கும்.

மார்ச் 10

மகளின் காலேஜ் ஸ்கேன் அறையில் சட்டையைக் கழற்றி இடப்பக்கமாகப் படுத்தேன். நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவினார்கள், ஒரே ஜில்லிப்பு. மகளோடு படிக்கிற இரண்டு பேர் முதலில் முயன்றார்கள். திரையில் மூடுபனிதான் தெரிந்தது. கொழுப்பு மறைக்கிறதாம். பிறகு மகள் வந்தாள். "மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்கப்பா" என்று கருவியை ஒரு விரல்கடை நகர்த்தினாள். பளிச்சென்று வந்தது! ஆசிரியர் தலையாட்டினார். படுத்த வாக்கிலேயே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனால் திரையில் இதயத்தின் சுவரை மூன்று தடவை அளந்தாள். நானும் சந்தேகம் இருந்தால்தான் மூன்று தடவை அளப்பேன். என்னவென்று கேட்டேன்.

"டாக்டர்தான்ப்பா சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

பஸ்ஸில் கேட்டேன், வீட்டில் கேட்டேன், அதே பதில். அப்பன்கிட்டயே சட்டம் பேசுறாளேன்னு கோபம் வந்தது. இப்போது எழுதும்போது வரவில்லை. பெற்றவனுக்காகக்கூட முறை மீறாதவள் – யார் வளர்த்த பிள்ளை?

மார்ச் 12

டாக்டரம்மா சொன்னார்: இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது. பதின்மூன்று மில்லிமீட்டர், பத்துக்கு மேல் போகக் கூடாதாம்.

"நம்ம கைராசி அப்படிங்கம்மா. எல்லாச் சுவரும் கெட்டி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவது அறுபது சதவீதம் என்றார். கணக்கில்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. தள்ளுவது நன்றாகத்தான் இருக்கிறதாம். தளர்ந்து விரிவதுதான் கஷ்டமாம்.

வெளியே வந்ததும் மகள் பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"ஒரு ரூமுக்கு உள்பக்கமே பூச்சு மேல பூச்சு பூசிக்கிட்டே போனா என்னப்பா ஆகும்?"

"ரூம் சின்னதாயிடும்." சொன்ன பிறகுதான் எந்த ரூமைச் சொல்கிறாள் என்று உறைத்தது.

உடம்பு பெருக்கப் பெருக்க அதற்கெல்லாம் ரத்தம் அனுப்ப இதயம் அதிகமாக உழைக்கிறது. உழைத்து உழைத்துச் சுவர் தடிக்கிறது. சர்க்கரை அந்தச் சுவரை விறைப்பாக்குகிறது. உள்ளே போக வழியில்லாமல் ரத்தம் பின்னால் தேங்குகிறது, பக்கத்து அறை வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது. எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டாள்.

"படில நின்னு நின்னு தூக்கு பாக்கறதா வீட்ல சொல்வீங்களே. எத்தனை மாசமா?"

ஒரு வருஷம் என்றேன். என் சுவரை என் பிள்ளை தூக்கு பார்த்துவிட்டாள்.

மார்ச் 13

பயமாத்தான் இருக்கு. மூணு மாடி ஏற முடியாத மேஸ்திரியை எவன் கூப்பிடுவான்? எட்டு வருஷமா சர்க்கரை மாத்திரையை நெனப்பு வந்தாத்தான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக்கும் லீவு. யாரைக் குத்தம் சொல்ல?

ஏப்ரல் 2

மாத்திரை நான்காகிவிட்டது. தினமும் முக்கால் மணி நேரம் நடை. ஆறு டீ இரண்டாகிவிட்டது, அதுவும் சர்க்கரை இல்லாமல். சுண்ணாம்புத் தண்ணீருக்கு அது கொஞ்சம் தேவலாம்.

மே 18

நான்கு நாள் நடக்கவில்லை. நடந்தேன் என்று மகளிடம் புளுகினேன். அவள் வாசலில் கிடந்த என் செருப்பைக் குனிந்து பார்த்தாள். மேலே நான்கு நாள் தூசி. அதை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினேன்.

ஜூலை 19

98 கிலோ 91 ஆகியிருக்கிறது. பெல்ட்டில் உள்பக்கமாக ஓர் ஓட்டை. அதே ஆணி, அதே சுத்தியல்.

ஆகஸ்ட் 30

மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். வேலையும் கிடைத்துவிட்டது. கஷ்டமான நெஞ்சிலும் படம் எடுப்பாள் என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நெஞ்சு யாருடையது என்று வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 6

மறுபடியும் ஸ்கேன். பழகும்போது பரவாயில்லை, வேலையில் சொந்தக்காரர்களுக்கு எடுக்கக் கூடாதாம், வேறொரு பெண் எடுத்தாள். மகள் கதவுக்கு வெளியே நகம் கடித்துக்கொண்டு நின்றாள். சுவர் மேற்கொண்டு தடிக்கவில்லை, முன்னைவிடக் கொஞ்சம் தளர்ந்து விரிகிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரையும் நடையும் ஆயுசுக்கும் உண்டு. இந்தத் தடவை சிரித்தார்.

நவம்பர் 21

புதுக் கட்டடத்தில் இரண்டாவது படித்திருப்பச் சுவர் ஒரு விரல் அளவு சாய்ந்து நிற்கிறது. முப்பது வருஷத்தில் என் வேலையில் இப்படி நடந்ததே இல்லை. கூட வேலை செய்கிற பையன்கள் என் முகத்தையே பார்த்தார்கள். திட்ட வாயைத் திறந்தவன் யோசித்தேன். மூன்று நாளாக அந்த வழியாகத்தான் ஏறுகிறேன். மூச்சு வாங்க ஒரு தடவைகூட அங்கே நிற்கவில்லை.

இடித்துக் கட்டச் சொல்லிவிட்டு மகளுக்கு ஃபோன் போட்டேன். சுவர் கோணலாகிவிட்டது என்றேன்.

"நீங்க அங்க நிக்கவே இல்லையாப்பா?"

"மறந்தே போச்சும்மா."

ஃபோனை வைக்க மறந்துவிட்டாள் போல. பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது: "எங்க அப்பா கட்டின சுவர் கோணலாப் போச்சாம்." அதை அவ்வளவு பெருமையாக அவள்தான் சொல்ல முடியும்.