கம்பிப் படகில் எக்ஸும் ஒய்யும்

கிரோஷேர் தீவு,
டிசம்பர் 4.

அன்பு ஸ்டெல்லனுக்கு,

மாலின் எழுதுகிறேன். நானும் நம் பெண் ஸ்வேயாவும் சுகம். பதினொன்றாம் தேதி உன் கப்பல் லாஸ் பால்மாஸ் வரும்போது இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும் என்று உங்கள் கம்பெனி ஏஜென்ட் சொன்னார். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் தானாகவே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு முக்கியமான விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன். கடைசியில் இருபது நிமிஷம் புகைபோக்கி அடைத்துக்கொண்ட கதையைப் பேசிவிட்டு வைத்தேன்.

விஷயம் இதுதான். ஊமெயோவில் பல் மருத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருஷப் படிப்பு, ஜனவரி பதினைந்தாம் தேதி வகுப்பு தொடங்குகிறது. இங்கிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். முப்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று கேட்பாய். தாராளமாகக் கேள், கேட்டு முடித்துவிட்டு மேலே படி.

பத்தொன்பது வயதில் மார்க் போதாமல் இந்த ஆசையை மூட்டை கட்டி வைத்தது உனக்குத் தெரியும். மார்க் இல்லாதவர்களுக்குத்தான் வருஷத்துக்கு இரண்டு முறை அந்தப் பொதுத் தேர்வு இருக்கிறதே. இந்த மார்ச் மாதம் ஸ்வேயாவின் கடைவாய்ப் பல்லைக் காட்ட நகரத்துக்குப் போயிருந்தோம். அந்த டாக்டர் பெண் அவள் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய வினாத்தாள்களைத் தேடி எடுத்தேன்.

வார்த்தைப் பகுதியெல்லாம் ஊதித் தள்ளிவிடலாம். என்னைக் கவிழ்த்தது ஒப்பிடும் கணக்குகள். x, y என்று ஏதோ கொஞ்சம் சொல்லிவிட்டு இரண்டு அளவுகளைக் காட்டுவார்கள். முதலாவது பெரிதா, இரண்டாவது பெரிதா, இரண்டும் சமமா, இல்லை கொடுத்த விவரம் போதாதா? நாலில் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஒரு கணக்குக்கு ஒரு நிமிஷம். தப்பு தப்பாகப் போட்டாலும் எனக்கு அவை பிடித்துப்போயின, ஸ்டெல்லன். x எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. முகமே பார்க்காத இரண்டு பேரில் யார் உயரம் என்று சொன்னால் போதும். காலையில் பனிமூட்டம் இறங்கி எதிர்க்கரை மறைந்துவிடும், நான் ஓட்டும் படகை இழுக்கும் கம்பி மட்டும் தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வெள்ளைக்குள் போகும். அக்கரையில் வண்டி ஏதும் காத்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது. அப்படி இக்கரையில் காத்துக் கிடக்கும் நேரத்தில் எக்ஸும் ஒய்யும் அந்த மூட்டத்துக்குள் எங்கேயோ நடமாடுகிற மாதிரி இருக்கும். நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்புறம் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். தினமும் ஒரு கணக்கைப் பெரிதாக எழுதிப் படகின் கண்ணாடிக் கூண்டில் ஒட்டினேன். ஏறுகிற வண்டிக்காரர்கள் இறங்குவதற்குள் ஹாரனில் பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவை அடித்தால் முதலாவது பெரிது, இரண்டு தடவை அடித்தால் இரண்டாவது, மூன்று அடித்தால் சமம், நீளமாக அடித்தால் விவரம் போதாது. அரைக் கிலோமீட்டர் கடல், ஆறு வண்டி, ஏழு நிமிஷம். கோடையில் கரையோர வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். புகார் கொடுத்தவர்களே அடுத்த வாரம் வண்டியில் வந்து தப்பாக அடித்துவிட்டுப் போனார்கள்.

ஆமாம், தீவு முழுக்கத் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இங்கெரை உனக்கு நினைவிருக்கும், வீட்டுக்கு வீடு போய் முடி வெட்டுகிறவள். ஒரு நாள் x பெரிதா, x-இன் வர்க்கம் பெரிதா என்று ஒட்டியிருந்தேன். வர்க்கம்தான் பெரிது, இதில் என்ன சந்தேகம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவள் விரலை எடுக்காமல் நீளமாக அடித்தாள். போய் என்னவென்று கேட்டால் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, “ஏண்டி, எந்தக் கணக்கா இருந்தாலும் x ரெண்டு, இல்லாட்டி மூணுன்னே வைக்கிற. அது அரையா இருந்தா உன் படகுல ஏத்த மாட்டியா?” என்றாள். அரையின் வர்க்கம் கால். கால் அரையைவிடச் சின்னது. எனக்கு முகம் செத்துவிட்டது. நாள் முழுக்க வண்டிகளை எண்ணி எண்ணி, எண் என்றாலே முழுசாக, கண்ணுக்குத் தெரிகிறதாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்கிலும் பாதியையும் சுழியையும் கழித்தல் எண்ணையும் வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அக்டோபரில் தேர்வு. மாமாவின் பிறந்தநாளுக்கு நகரத்துக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். சீஸ் சாண்ட்விச், இரண்டு வாழைப்பழம், பிளாஸ்கில் காபி, நாலு பென்சில். அந்தப் பள்ளிக்கூட ஹாலில் என்னைச் சுற்றி எல்லாம் சின்னப் பிள்ளைகள். மூன்றாம் தாளில் ஒரு கணக்கு வந்தது: xy = 3x. ஒப்பிட வேண்டியது y-ஐயும் மூன்றையும். இரண்டு பக்கமும் x-ஐ அடித்தேன். y மூன்று, சமம். கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

போனவளுக்கு அடுத்த கணக்கு கண்ணில் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்களின் மஞ்சள் இலை ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. அந்த x எழுந்து மரங்களுக்கு நடுவே நடந்து போய்விட்டதாக ஒரு பிரமை. அது இல்லாமலே போனால்? x சுழியானால் இரண்டு பக்கமும் சுழி. அப்போது y மூன்றாக இருக்கலாம், முந்நூறாகவும் இருக்கலாம், அதைத் தடுக்க அந்தக் கணக்கில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ரப்பரால் அழித்துவிட்டு விவரம் போதாது என்று நிரப்பினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நீ வீட்டில் இல்லாத நாட்களில் நான் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம், ஸ்டெல்லன். எழுந்து போகாதே என்று யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. நானாகத்தான் ஒவ்வொரு தடவையும் உனக்காகக் காத்திருந்தேன்.

அந்தத் தேர்வுக்கு மொத்த மதிப்பெண்ணே இரண்டுதான், நான் ஒன்றரை வாங்கினேன். ஊமெயோவுக்கு அது போதுமாயிருந்தது.

உன் மேல் கோபமில்லை என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், பார்த்திருப்பாய். கோபம் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு ஒப்பந்தம், அப்புறம் வீட்டோடுதான் என்று நீ முதலில் சொன்னபோது ஸ்வேயா இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. நாலு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்த இரண்டு மாதமும் நீ தங்கமான மனுஷன். அதனால்தான் என்னால் இத்தனை நாள் வாயைத் திறக்க முடியவில்லை.

ஸ்வேயாவிடம் போன வாரம் சொன்னேன். கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கை ஜன்னலில் நேராக மாட்டிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, “நீ போனா அப்பா வருவாரா, இல்ல ரெண்டு பேருமே இருக்க மாட்டீங்களா?” என்று கேட்டாள். ஜன்னல் வழியே கடற்கரையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

வருகிறேன் என்று ஊமெயோவுக்கு நேற்றே பதில் அனுப்பிவிட்டேன். ஆகவே நான் இங்கே அனுமதி கேட்கவில்லை. ஜனவரியிலிருந்து படகில் என் வேலை காலியாகிறது, நீ அதில் சேரலாம். உன் கப்பல் எஞ்சினியர் சான்றிதழுக்கு அது பிசாத்து வேலை என்று எனக்குத் தெரியும். அரைக் கிலோமீட்டர் கடலில் போய்ப் போய் வருவது உனக்குச் சலிக்கும். எனக்கும் சலித்தது. இந்த மாதம் பதினைந்தாம் தேதி வரை விளம்பரம் கொடுக்க வேண்டாம் என்று மேலதிகாரியிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன். நீ வராவிட்டால் ஸ்வேயா இங்கெர் வீட்டு மாடியறையில் இருப்பாள். இங்கெர் சரி என்று சொல்லிவிட்டாள், அறைக்குத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டாள். ஸ்வேயா அந்தத் திரைச்சீலையைப் போய்ப் பார்க்கவே இல்லை.

பிஸ்கே கடலில் இந்த மாதம் காற்று மோசம் என்கிறார்கள். எஞ்சின் அறையிலிருந்து வேர்வையோடு மேல்தளத்துக்கு வராதே, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். கடல் உன்னை ஒரு கீறல் இல்லாமல் திருப்பித் தரட்டும். பதினொன்றாம் தேதி மாலை கூப்பிடு. என்னைக் கேட்காதே, போனை ஸ்வேயாவிடம் கொடுக்கச் சொல். வருகிறாயா இல்லையா என்பதை அவளிடமே சொல்லிவிடு.

உன்,
மாலின்